ஐந்து நாள் தண்ணீர்

ஆதம் அப்கரைச் சுட்டுக் கொன்றவனுக்கு அதன் பிறகு மூன்று நாள் ஊசி போட்டது நான்தான். என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாமே என்று இப்போது சில நேரம் தோன்றுகிறது.

என் பெயர் அவாதிஃப். கார்ட்டூமில் நீல நைலுக்குப் பக்கத்தில் ஒரு காது ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். ஆய்வை நடத்தியவர் டாக்டர் சுலாஃபா. எல்லோரும் அவரை டாக்டரா என்றே கூப்பிடுவோம். ஐம்பது வயது, கட்டை உருவம், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆய்வுக்கான சுண்டெலிகளைப் பார்த்துக்கொண்டவர் ஆதம் அப்கர். டார்ஃபூரிலிருந்து முப்பது வருடத்துக்கு முன்னால் வந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அம்மு ஆதம், அதாவது ஆதம் சித்தப்பா. அவருடைய கடைசி மகள் ஹவாவுக்கு ஒன்பது வயது, பிறவியிலேயே காது கேட்காது. அவளோடு பேசிப் பேசி ஆதமுக்குக் கையால் பேசும் பழக்கம் வந்துவிட்டது. எங்களோடு பேசும்போதும் கை தானாக எழுந்துவிடும்.

எங்கள் வேலை அந்த மாதிரிக் குழந்தைகளைப் பற்றியதுதான். உள்காதில், நத்தை ஓடு போன்ற சுருளுக்கு அப்பால், ஒரு சின்னப் பை இருக்கிறது. குழந்தை கருவில் இருக்கும்போது அந்தப் பையின் சுவரிலுள்ள செல்கள் உப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடத்துகின்றன. உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகும். காதுக்குள் திரவம் அளவோடு நிற்பது அதனால்தான். அந்தச் செல்கள் சும்மா இருந்துவிட்டால் திரவம் தேங்கி, காது உள்ளுக்குள்ளேயே ஊதி, ஒலியை வாங்கும் செல்கள் பிழைக்காமல் போய்விடும். ஹவாவுக்கு நடந்தது இதுதான்.

அந்த உப்பு வேலை எத்தனை நாள் நடந்தால் போதும் என்பதே டாக்டராவின் கேள்வி. எங்கள் எலிகளில் அதற்கான மரபணு அணைந்தே இருக்கும். தாய் குடிக்கும் தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்தால் வயிற்றிலுள்ள குட்டிக்குள் அது விழித்துக்கொள்ளும். சினைப்பட்ட பதினாறாம் நாளிலிருந்து குட்டி பிறந்த இரண்டாம் நாள் வரை, சுமார் ஐந்து நாள் மட்டும், மருந்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு நிறுத்தினால் குட்டிக்கு வாழ்நாள் முழுக்கக் கேட்குமா? கேட்கும் என்று டாக்டரா நம்பினார். நடுவில் ஒரு நாள் தண்ணீர் தடைப்பட்டாலும் எல்லாம் வீண்.

பதினாறாம் நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் ஒன்று. காலையில் பதினோரு கூண்டில் ஒப்பிடுவதற்கான ஒன்றை விட்டு மற்றப் பத்திலும் ஆதம் மருந்துத் தண்ணீர்ப் புட்டிகளைச் சொருகிக்கொண்டிருந்தபோது பாலத்துப் பக்கம் முதல் குண்டு வெடித்தது. அரை மணி நேரத்தில் தெருவில் நடமாட முடியாமல் போயிற்று. சாயங்காலத்துக்குள் கரண்ட் போனது. ஞாயிறு காலையில் குழாயில் காற்றுதான் வந்தது.

“கலக்கி வச்சது நாலு லிட்டர் இருக்கு டாக்டரா,” என்றார் ஆதம். “நாம குடிக்க அதுல பாதிகூட இல்ல.”

“நோன்புதானே அம்மு ஆதம். பகல்ல நமக்கெதுக்குத் தண்ணி?”

“அப்ப எலிக்கு நோன்பு கிடையாதா?”

“கர்ப்பிணிக்குச் சலுகை உண்டு. சந்தேகமா இருந்தா ஷேக்கைக் கேளுங்க.”

ஆதம் சிரித்தார். பிறகு ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு கூண்டின் மேலும் போர்த்திக்கொண்டு போனார். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அன்று பகல் லுஹர் தொழுகை நேரத்துக்கு இரண்டு பிக்கப் வண்டிகள் சுற்றுச்சுவர் கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நின்றன. ஏழு பேர். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே மாதிரித்தான் அடித்தார்கள். ஆதம் கதவைத் திறக்கப் போனார். திறந்த கையோடு அவர் வாயில் துப்பாக்கிக் கட்டை இறங்கியது. இரண்டு பல் தரையில் உருண்டது.

“எந்த ஊர்டா நீ? எந்தக் கூட்டம்?”

ஆதம் சொன்னார். இன்னொரு அடி விழுந்தது.

என் போனைப் பிடுங்கி, தர மறுத்ததாக நினைத்து, கன்னத்தில் அறைந்தார்கள். எலி அறைக்குள் தங்கம் ஒளித்து வைத்திருப்போம் என்று ஒருவன் கூண்டுகளை இழுத்துக் கீழே போட்டான். சினை எலிகள் ஓட முடியாமல் தரையில் வயிற்றை இழுத்தன. இரண்டு பேர் பூட்ஸ் குதிகாலால் ஒவ்வொன்றாக மிதித்தார்கள். தேள் அடிப்பது போல, அக்கறையில்லாமல். மேல் தட்டிலிருந்த நான்கு கூண்டுகள் மட்டும் தப்பின.

அப்போதுதான் அவர்களின் தலைவன் உள்ளே வந்தான். அவன் பெயர் தெய்ஃபல்லா. நாற்பது வயது இருக்கும். இரண்டு காதிலிருந்தும் இரத்தம் வழிந்து சட்டைக் காலரில் காய்ந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவன் பக்கத்திலேயே ஷெல் விழுந்திருக்கிறது. தன் குரலே தனக்குக் கேட்காததால் கட்டிடமே அதிரும்படி கத்தினான்.

“இது என்ன இடம்னு போர்டு சொல்லுது?”

அவனுக்கு அடுத்த நிலையில் இருந்தவன் ஸனூஸி. ஒல்லியான ஆள், படிக்கத் தெரிந்தவன். தன் காதைத் தொட்டுக் காட்டி, டாக்டராவை நோக்கி விரலை நீட்டினான். தெய்ஃபல்லா டாக்டரா சேலை போல உடுத்தியிருந்த தோபை முறுக்கிப் பிடித்து அவரைச் சுவரோடு சாய்த்தான்.

“என் காதைச் சரி பண்ணு. இப்பவே.”

“நான் ஆளுங்களுக்கு வைத்தியம் பாக்குறவ இல்ல,” என்றார் டாக்டரா. “எலிக் காதுதான் பாக்குறேன்.”

அவனுக்கு எங்கே கேட்கும்? கெஞ்சினாலும் திட்டினாலும் அவனுக்கு ஒன்றுதான். டாக்டரா மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத அவன் தாளை ஸனூஸியிடம் வீசினான். ஸனூஸி படித்துவிட்டுச் சிரித்தான்.

“எலி டாக்டராம்டா. நம்மாளுக்குச் சரியான ஆளுதான் கெடச்சிருக்கு.”

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். தெய்ஃபல்லா ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தன்னைப் பற்றித்தான் என்று மட்டும் தெரிந்துவிட்டது. பிஸ்டலை எடுத்து டாக்டராவின் நெற்றியில் வைத்தான்.

தரையில் கிடந்த ஆதம் முழங்காலில் எழுந்தார். வாயிலிருந்து இரத்தம் சொட்ட, கையைத் தூக்கி மெதுவாக அசைத்து அவன் கவனத்தைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு ஹவாவிடம் பேசுவது போலவே பேசினார். காதைத் தொட்டார். விரல்களை விரித்து வெடிப்பைக் காட்டினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, பொறு, பொறு என்றார். கன்னத்தைக் கையில் சாய்த்துத் தூக்கத்தைக் காட்டினார். மூடிய கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். ஓய்வெடு, திறக்கலாம்.

தெய்ஃபல்லாவுக்குப் புரிந்தது. அவன் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். பிஸ்டல் டாக்டராவின் நெற்றியை விட்டு இறங்கியது.

அவன் முதுகுக்குப் பின்னால் ஸனூஸி அந்தக் கையசைவுகளை அப்படியே செய்து காட்டினான். ஊமைப் பையன் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து, கண்ணை உருட்டி. ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான். தெய்ஃபல்லா திரும்பினான். ஸனூஸியின் கை இன்னும் கன்னத்தில் இருந்தது.

தன் ஆட்களை அவனால் சுட முடியாது. எதிரே மண்டியிட்டிருந்தவரைச் சுட்டான். மார்பில் இரண்டு, கீழே சாய்ந்த பிறகு முகத்தில் ஒன்று.

அறையில் புகை நெடி. டாக்டரா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, பிறகு எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரும்படி தெய்ஃபல்லாவுக்குக் கை காட்டினார். என்னிடம் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பஞ்சு கொண்டா. அந்த வீக்க ஊசியும் கொண்டா.”

“இவனுக்கா டாக்டரா?”

“நாலு கூண்டு பாக்கி இருக்கு. நாமும் பாக்கி இருக்கோம். கொண்டா.”

எலிகளுக்கு வைத்திருந்த ஸ்டீராய்டு மருந்து அது. வெடிச் சத்தத்தில் அடிபட்ட காதுக்கு அதனால் சிறிது பலன் இருக்கலாம் என்று அவர் எப்போதோ படித்திருந்தார்.

அன்றே பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் ஆதமை முற்றத்து வேப்ப மரத்தடியில் புதைக்க அனுமதித்தார்கள். எங்களிடம் இருந்தது குப்பை வாரும் ஒரு தட்டை மண்வெட்டி. மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. நாங்கள் இருவரும் முழங்கால் ஆழம் தோண்டுவதற்குள் என் உள்ளங்கை உரிந்துவிட்டது. ஆயுதக்காரர்களில் ஒருவன் குழியில் இறங்கி மீதியைத் தோண்டினான். அவனே ஜனாஸா தொழுகையும் வைத்தான்.

அதற்கு முன்னால் உடலைக் கழுவத் தண்ணீர் இல்லை. “கூண்டுத் தண்ணி இருக்கே,” என்றேன். டாக்டரா தலையாட்டினார், வேண்டாம் என்று. குனிந்து, தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டு ஆதமின் முகத்திலும் கையிலும் தடவினார். முகத்தில் தடவ அதிக இடம் மிச்சமில்லை. அவரை அப்போது நான் வெறுத்தேன். எலிக்குக் கொடுப்பார், ஆதமுக்குக் கொடுக்க மாட்டாரா? பிறகு மேலே போய்ப் பார்த்தால் புட்டிகளில் தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. நானே நிரப்பினேன்.

திங்கட்கிழமை காலையில் தெய்ஃபல்லாவின் காதைத் துடைத்தபோது வலித்துவிட்டது. என் கையைப் பிடித்துச் சுண்டு விரலைப் பின்பக்கமாக மடக்கினான். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. டாக்டரா இரண்டு ஐஸ்குச்சிகளை வைத்துக் கட்டினார். ஊசியை இடது கையால் போடக் கற்றுக்கொண்டேன்.

அன்று பிற்பகல் அவர்கள் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வண்டியெடுத்துப் போனார்கள். ஐந்து பேராகத் திரும்பினார்கள். தெரு முனையில் வலப்பக்கம் போகாதே என்று பின்னாலிருந்தவர்கள் கத்தக் கத்த, காதில் விழாமல் தெய்ஃபல்லா வலப்பக்கமே ஓட்டியிருக்கிறான். எந்திரத் துப்பாக்கிக்கு நேர் எதிரே. செத்தவர்களில் ஒருவன் குழி தோண்டிக் கொடுத்தவன். ஸனூஸியின் சட்டை முழுக்க அவனுடைய இரத்தம்.

“செவிடனுக்குப் பின்னாடி போறது குருடனுக்குப் பின்னாடி போறதைவிட மோசம்,” என்று ஸனூஸி தெய்ஃபல்லாவின் முகத்துக்கு நேராகச் சொன்னான், சிரித்த முகத்தோடு. “என்ன தலைவரே, சரிதானே?”

தெய்ஃபல்லா அவன் உதட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

செவ்வாய்க்கிழமை விடியலில் நான்கு தாய்களும் குட்டி போட்டிருந்தன. முப்பத்தொரு குட்டிகள், வேர்க்கடலைப் பருப்பு மாதிரி, சிவந்து, மயிரில்லாமல். மூன்று கூண்டுகளுக்கு மருந்துத் தண்ணீர். நான்காவதற்கு ஒப்பிடுவதற்காகச் சாதாரணத் தண்ணீர். அது நாங்கள் குடிக்க வைத்திருந்ததிலிருந்து போனது. நோன்பு திறக்க எனக்கும் டாக்டராவுக்கும் மூன்று பேரீச்சம்பழமும் நாக்கு நனையும் அளவு தண்ணீரும் இருந்தன.

அன்று டாக்டரா தட்டினால் ஒலிக்கும் இசைக்கவையை எடுத்துத் தெய்ஃபல்லாவைச் சோதித்தார். இடது காதருகே பிடித்தபோது அவன் முகம் மாறவில்லை. வலது காதருகே பிடித்தபோது அவன் கண் சட்டென்று ஓரமாகப் போயிற்று. மறுபடி தட்டிப் பிடித்தார். விரலைத் தூக்கினான். கேட்கிறது.

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அவன் டாக்டராவின் மணிக்கட்டைப் பிடித்தான். தன் குரலை அவனே நம்பவில்லை, பேசவில்லை. கதவைக் காட்டினான், தன் ஆட்கள் இருந்த பக்கம். பிறகு விரலைத் தன் உதட்டில் வைத்தான். அதே விரலால் தன் கழுத்தை அறுப்பது போல இழுத்து, எங்கள் இருவரையும் காட்டினான்.

அவன் போன பிறகு நான் கேட்டேன்: “எதுக்கு மறைக்கிறான்?”

“செவிடன் முன்னாடி எல்லாரும் உண்மை பேசுவாங்க,” என்றார் டாக்டரா. “யார் என்ன பேசுறான்னு பாக்குறான்.”

“எவ்வளவு கேக்கும் இப்ப?”

“கொஞ்சம். பக்கத்துல சத்தமாப் பேசினா கேக்கலாம். ஒரு வாரத்துல நல்லாவே வரும்.”

புதன்கிழமை காலை. தெய்ஃபல்லா நாற்காலியில் டாக்டராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் அவன் இடப்பக்கம் ஊசியோடு நின்றேன். வெளியே விமானம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஸனூஸி துப்பாக்கியைத் தொங்கவிட்டபடி உள்ளே வந்து, தெய்ஃபல்லாவின் பின்னால் நின்றான். குரலைத் தணிக்கக்கூட இல்லை.

“எலி டாக்டரா, ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லு. இந்த ஆளுக்குக் காது திரும்ப வருமா, வராதா?”

டாக்டரா பஞ்சைக் கீழே வைத்தார். தெய்ஃபல்லா அசையவில்லை. அவன் கண்கள் டாக்டராவின் வாயில் நின்றன. கேட்டுவிட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. வரும் என்று சொன்னால் ஸனூஸி திரும்பிப் போய்விடுவான். நாங்கள் இருவரும் இந்த நாற்காலியில் இருப்பவனின் கையில் இருப்போம். வராது என்று சொன்னால்? ஸனூஸி எதற்குக் கேட்கிறான் என்பது துப்பாக்கி வார் தோளிலிருந்து நழுவிய விதத்திலேயே தெரிந்தது.

டாக்டரா உதட்டை அதிகம் அசைக்காமல், மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “வராது. செத்த செல் முளைக்காது. ரெண்டு காதும் போச்சு.”

தெய்ஃபல்லாவின் வலது கை இடுப்புக்குப் போனது. அப்படியானால் கேட்டிருக்கிறது. டாக்டராவின் பொய்யோ, ஸனூஸியின் கேள்வியோ, எதுவென்று சொல்ல முடியாது. பிஸ்டல் பாதி வெளியே வருவதற்குள் ஸனூஸி பின்னந்தலையில் சுட்டான். தெய்ஃபல்லாவின் முகம் டாக்டராவின் மடியில் விழுந்தது. வெள்ளைத் தோபில் சூடாகப் பரவியது. ஸனூஸி இன்னும் இரண்டு முறை சுட்டான், தேவையே இல்லாமல். என் காதில் ஒரே ரீங்காரம், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மற்றவர்கள் ஓடி வந்தார்கள். யாரும் யாரையும் சுடவில்லை. ஒருவன் குனிந்து செத்தவனின் பூட்ஸைக் கழற்றினான்.

ஸனூஸி டாக்டராவின் கார் சாவியை எடுத்துக்கொண்டான். கதவருகே நின்று, “உன் எலிங்களை எடுத்துக்கிட்டு எங்கயாவது போ,” என்றான். “அடுத்து வர்றவனுக்குக் காது நல்லா இருந்தாலும் இருக்கும்.” அவர்கள் மதியத்துக்குள் போய்விட்டார்கள். பிணத்தை விட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் காலைப் பிடித்து இழுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டோம். அவனுக்குக் குழி தோண்டவில்லை.

அன்றைக்கே கிளம்பிவிடலாம் என்றேன். டாக்டரா மறுத்தார். வியாழன் மதியம் வரை மருந்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நெஞ்சில் அடித்துக்கொண்டு சண்டை போட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, “நீ போ. நான் தப்பா நினைக்க மாட்டேன்,” என்றார். நான் போகவில்லை. இருவரும் இரத்தம் காய்ந்த தோபோடு எலி அறையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தோம். வியாழன் மதியத் தொழுகைக்குப் பிறகு புட்டிகளைக் கழற்றினார். மிச்சம் அரைக் குவளைகூட இல்லை.

பெருநாள் அன்று தாய்களையும் குட்டிகளையும் இரண்டு சந்தைக் கூடைகளில் வைத்துத் தோபால் மூடிக்கொண்டு நடந்தோம். வழியில் கிடந்த பிணங்களை எண்ணவில்லை. தெற்கே போகும் பஸ்ஸில் ஒரு பெண் கூடையிலிருந்து கீச்சென்று சத்தம் கேட்டு, “கோழிக்குஞ்சா?” என்றாள். “ஆமா,” என்றார் டாக்டரா. ஏழு குட்டிகள் வழியிலேயே வெப்பத்தில் செத்தன.

வாத் மதனி நகரில் என் தங்கை வீட்டு ஸ்டோர் அறையில் வைத்து வளர்த்தோம். குட்டிகள் பிறந்த பதினேழாம் நாள் டாக்டரா என்னைக் கை தட்டச் சொன்னார். விரல் கட்டோடு தட்ட முடியாததால் இரண்டு மரக்கரண்டிகளை மோதினேன். மருந்துத் தண்ணீர்க் குட்டிகள் எல்லாவற்றுக்கும் காது மடல் வெடுக்கென்று துடித்தது. மற்றக் கூண்டுக் குட்டிகள் தின்றுகொண்டே இருந்தன. இருபது தடவை மோதினேன். இருபது தடவையும் அப்படியே. ஐந்து நாள் போதும்.

டாக்டரா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கேட்காததை அப்போது கேட்டேன்.

“அவனுக்கு வலது காது வந்துக்கிட்டிருந்துச்சுல்ல?”

“வந்துக்கிட்டிருந்துச்சு.”

“தெரிஞ்சேதான் சொன்னீங்க.”

“தெரிஞ்சேதான்.” பேனாவை மூடவில்லை. “இருபத்தஞ்சு வருஷத்துல நான் பொய்யாச் சொன்ன முடிவு அது ஒண்ணுதான். தூக்கம் வருதான்னு கேக்காத. வருது. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

ஆதமின் மனைவி மஸ்தூரா ஓம்துர்மானிலிருந்து பிள்ளைகளோடு தப்பி வாத் மதனிக்கு வந்து சேர ஒரு மாதம் ஆனது. பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தாள். டாக்டரா வர மறுத்துவிட்டார். நான் தனியாகப் போனேன். சேதி அவளுக்கு முன்பே யார் மூலமோ போயிருந்தது. ஹவா அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“உடனே உசுரு போச்சா?” என்றாள் மஸ்தூரா.

“உடனே.”

“குளிப்பாட்டினீங்களா?”

“தண்ணி இல்லம்மா. மண்ணு தொட்டுத்தான் செஞ்சோம்.” இருந்த தண்ணீரைப் பற்றி நான் சொல்லவில்லை.

“சுட்டவன்?”

“செத்துட்டான். அவன் ஆளே சுட்டுட்டான்.”

ஆண்டவனைப் புகழ்வாள் என்று எதிர்பார்த்தேன், அவள் புகழவில்லை. மூலையில் கிடந்த பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கரித்துண்டோடு என் முன்னால் வைத்தாள்.

“இடத்தைப் போட்டுக் கொடு. சண்டை நின்னதும் போகணும். எந்த வாசல், எந்த மரம், மரத்துக்கு எந்தப் பக்கம், எல்லாம் போடு.”

இடது கையால் போட்டேன். இடிந்த கதவு, முற்றம், வேப்ப மரம், அதிலிருந்து எட்டு அடி கிழக்கே ஒரு கோடு. அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தலை எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். கோட்டின் ஒரு முனையில் சின்ன வட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.